ஜன்னல் கண்ணாடியிடம் பாடம் சொன்ன பெண்

எனக்கு எழுபத்திரண்டு வயசு. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். அதில் மூணு பேர் லாரிக்காரர்கள். அதனால் சரக்கு போய்ச் சேருகிற விதம் எனக்குத் தெரியாததில்லை.

போன மாசம் சங்ககிரியில் சேலம் பஸ் ஏறினேன். பக்கத்தில் ஒல்லியாக ஒரு பெண், எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னின சடை. புஸ்தகத்தில் ஒரு பக்கம் பார்ப்பாள், உடனே மூடிவிட்டு ஜன்னல் கண்ணாடியிடம் முணுமுணுப்பாள்.

"ஆரைத் திட்டிக்கிட்டு வாரே, சாமி?"

"திட்டலீங்க ஆயா, பரீட்சைங்க. இன்டர்நெட் எப்படி ஓடுதுன்னு படிக்கிறேனுங்க. போன தடவை இதுல பெயிலு. இன்னைக்கும் போச்சுன்னா படிப்பை நிறுத்திக் கட்டிக் குடுத்துருவாங்க."

"அப்பக் கண்ணாடிகிட்ட எதுக்கு? எங்கிட்டச் சொல்லு."

சொன்னாள். நாம் அனுப்புகிற போட்டோ முழுசாகப் போகாதாம். துண்டு துண்டாகி, ஒவ்வொண்ணும் ஒரு வழியில் போய், சேருகிற இடத்தில் ஒண்ணாகுமாம்.

"ஒரே லோடைப் பத்து லாரியில ஏத்தி உடற மாதிரி. செரி, ஒரு லாரி வழியில கவுந்துருச்சுன்னா?"

புஸ்தகத்தைத் திறக்கப் போனாள். திறக்கவில்லை. கொஞ்சம் யோசித்தாள்.

"அந்தத் துண்டு வரலீன்னு வாங்கறவங்க கேப்பாங்க ஆயா. அனுப்புனவங்க மறுபடியும் அனுப்புவாங்க."

"எங்க மஞ்சள் லோடு கவுந்தப்ப ஆரும் மறுபடி அனுப்பலையே!"

ரெண்டு பேரும் சிரித்தோம்.

சேலத்தில் இறங்கினவள் புஸ்தகத்தைப் பையில் போட்டுவிட்டுக் கைவீசி நடந்தாள். பேர்கூடக் கேட்கவில்லை. பாஸாகியிருப்பாள் என்றுதான் என் மனசு சொல்கிறது.

இத்தனை நேரம் இந்த ஆயா சொல்லச் சொல்ல எழுதினியே கண்ணு, அதை ஒருக்காப் படிச்சுக் காட்டு. ஏதாச்சும் துண்டு விட்டுப்போயிருந்தாக் கேளு, மறுபடியும் சொல்றேன்.