ஸ்பானியலைச் சப்பாணி என்றார்கள்

அப்பா செம்பியின் நீளக் காதுகளை விரித்துப் பிடித்துக்கொண்டார். ஒட்டியிருந்த நாயுருவி விதைகளை நான் சீப்பால் எடுத்தேன். நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. 1987 செப்டம்பர்.

"நாளைக்குப் பத்தாம் நாளுடா. நைனார்பாளையம் கூட்டிகினு போவணும்" என்றார்.

"ரோட்டுல மரத்த வெட்டிப் போட்டிருக்காங்க. பஸ்ஸு ஓடாது. ஒரு வாரம் பொறுப்பா."

"நீ பொறுப்ப. அது பொறுக்குமா?"

அவர் கணக்கு சரி. பருவத்துக்கு வந்த பெண் நாய் பத்திலிருந்து பதினான்காம் நாள் வரைதான் ஆணைச் சேர்க்கும். செம்பிக்கு ஒன்பது வயது. இது தப்பினால் இன்னொரு பருவம் நிச்சயமில்லை.

அப்பா பெயர் மூக்கன். கல்வராயன் மலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரரிடம் பன்னிரண்டு வயதில் நாய் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தார். துரை கப்பலில் கொண்டுவந்த ஸ்பானியல்கள் அவை. செம்பு நிறம், குட்டைக் கால். கௌதாரி வாசம் பிடித்தால் குரைத்துக்கொண்டே புதருக்குள் நுழையும். தன் ஊரிலேயே அந்த இனம் அற்றுப்போய்க்கொண்டிருக்கிறது என்று சொல்லி, 1949இல் ஒரு ஜோடியை அப்பாவிடம் விட்டுப்போனார் துரை. ரத்தத்துக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்துக் குட்டிகள் செத்துப் பிறந்தன. கடைசியில் மிஞ்சியவை இரண்டு. எங்கள் செம்பி, நைனார்பாளையத்தில் கந்தசாமி வளர்த்த ஆண்.

ஸ்பானியல் என்ற சொல் மலையில் யார் வாயிலும் நுழையவில்லை. சப்பாணி ஆகிவிட்டது. அப்பாவும் அப்படித்தான் சொல்வார்.

மறுநாள் அப்பா செம்பியோடு நடந்தே மலை இறங்கினார். நான் மின்கம்ப வேலைக்குப் போய்விட்டேன். வடக்கனந்தல் தாண்டி நடந்ததை, மறியலில் இருந்த ஆதிமூலம் பிறகு சொன்னார். இடஒதுக்கீடு கேட்டு மறியல். நோயாளிகளை மட்டும் விட்டார்கள்.

"இன்னா நாயி பெரியவரே இது?"

"சப்பாணிங்க. நைனார்பாளையம் போவணும்."

"சப்பாணியா? நம்ம ஆளுங்கள வுட ஜோரா நடக்குது!"

"சப்பாணின்னா எதுக்கு நடக்க வுடுற? தூக்கிகினு போ, வழி வுடறோம்" என்றார் இன்னொருவர்.

விளையாட்டுக்குச் சொன்னது. அப்பா செம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டார். இருபத்திரண்டு கிலோ. அவருக்கு வயது அறுபத்து நான்கு.

"எறக்கு பெரியவரே, சும்மா சொன்னோம்" என்று ஆதிமூலம் பின்னாலேயே போயிருக்கிறார்.

"அடுத்த மரத்தாண்டையும் கேப்பாங்க இல்ல?" என்று அப்பா நடந்தார்.

வெட்டிப் போட்டிருந்த மூன்றாவது மரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எழவில்லை. ஆதிமூலம்தான் மாட்டுவண்டியில் மலையடிவாரம் வரை கொண்டுவந்தார். செம்பி வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தது.

அதற்குப் பிறகும் நான்கு நாள் இருந்தது. நான் அப்பாவின் காரியத்தில் இருந்தேன். ரோடு திறந்தபோது பதினாறாம் நாள். செம்பி பிறகு பருவத்துக்கு வரவே இல்லை.

கந்தசாமி இரண்டு கார்டு போட்டார். இரண்டிலும் ஒரே கேள்வி: "பெரியவர் நாயைக் கூட்டிக்கொண்டு என்றைக்கு வருகிறார்?"