மர்பி கிங்கின் ஞாயிற்றுக்கிழமை

மைதா மாவும் மயில்துத்தமும் சேர்ந்து கொதிக்கும்போது எழுகிற வாடை உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை. புளித்த கஞ்சியில் யாரோ பழைய சாவிக்கொத்தைப் போட்டு ஊறவைத்தது போல இருக்கும், மூக்கில் ஏறினால் இறங்க ஒரு நாள் ஆகும். சுவரில் போஸ்டர் ஒட்டுகிற பசை அது. எனக்குப் பதினொரு வயது நடந்த வருடத்தின் மழைக்காலத்தில், அம்மா ஹலசூரு மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்து, அவள் பால் காய்ச்சுகிற பாத்திரத்திலேயே என் அண்ணன் எட்வின் அந்தப் பசையைக் கிண்டினான். அந்தப் பாத்திரம் அதன்பிறகு எங்கள் அடுப்பில் ஏறவே இல்லை.

ஒரு சாவு போஸ்டர் ஒட்டத்தான் அந்தப் பசை. செத்தவன் ஓர் அமெரிக்கப் பாடகன். ராப் பாடுகிறவன், காரில் போய்க்கொண்டிருந்தபோது யாரோ சுட்டுவிட்டார்கள், இளவயது. கேபிள் டிவியில் ஒரு நிமிடம்தான் காட்டினார்கள். எட்வினுக்கு அப்போது இருபது முடிந்திருந்தது. ஐ.டி.ஐ. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, நண்பன் ரஷீத் எங்கிருந்தோ கொண்டுவந்த கேசட்டுகளைத் தேயத் தேயக் கேட்டுக்கொண்டிருந்தவன், அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த அப்பா, "ஊரு பேரு தெரியாதவனுக்காக என் வூட்ல பட்டினி கிடக்கிறானே, நான் செத்தா இவன் ஒரு வேளையாவது சாப்பிடாம இருப்பானா?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா, "அதைப் பார்க்க நீங்க இருக்க மாட்டீங்களே" என்றாள்.

பெங்களூரில் நாங்கள் இருந்த மர்பி டவுனில் ஒருவர் இறந்தால் சவப்பெட்டி வருவதற்கு முன்னால் போஸ்டர் வந்துவிடும். நடுவில் படம், மேலே "கண்ணீர் அஞ்சலி", கீழே வருந்துகிறவர்களின் பெயர்கள். போஸ்டர் வராத சாவு அநாதைச் சாவு என்பது எங்கள் பகுதியின் எண்ணம். ஆகவே அந்த அமெரிக்கனுக்கும் போஸ்டர் போட வேண்டும் என்று எட்வினும் ரஷீதும் முடிவு செய்ததில், அந்த வயதில் எனக்கு எந்த விநோதமும் தெரியவில்லை. கேசட் அட்டையிலிருந்து படத்தை வெட்டினார்கள். கீழே போட வேண்டிய பெயரை எட்வினே எழுதிக்கொடுத்தான்: "மர்பி கிங்" எட்வின். அவன் தனக்குத்தானே சூட்டிக்கொண்ட ராப் பட்டம் அது.

அச்சகத்தில் இருந்தவர் வாழ்நாள் முழுக்க எங்கள் ஏரியாவின் சாவுகளை மட்டுமே அச்சடித்தவர். வாயில் நுழையாத ஆங்கிலப் பெயர் ஒன்று, தெரிந்த பையனின் பெயர் ஒன்று, இரண்டும் அவர் கையில் இருந்தன. தெரிந்த பெயரைப் பெரிய எழுத்தில் போட்டார். ஒற்றைக் கறுப்பு மையில் படம் ஒரே திட்டாக வந்தது. தலையில் கட்டிய துணியும் கறுப்புக் கண்ணாடியும்தான் தெரிந்தன, எட்வினும் அப்படியேதான் திரிந்துகொண்டிருந்தான். பையன்கள் வாங்கும்போதும் பார்க்கவில்லை, ஒட்டும்போதும் பார்க்கவில்லை. பள்ளிக்கூடச் சுவரிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் ஒட்டிவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்கினார்கள்.

மறுநாள் காலை, போஸ்டரைப் பார்த்த யாரோ சொல்லி, நீலசந்திராவிலிருந்து அத்தை ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையில் ரோஜா மாலை. தெருமுனையிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு, "என் ராசாவே, கல்யாணம் பண்ணாம போயிட்டியே" என்று கதறிக்கொண்டு வந்தவள், குழாயடியில் வாய் நிறைய நுரையோடு பல் தேய்த்துக்கொண்டிருந்த எட்வினைப் பார்த்தாள். அப்புறம் அந்த மாலையாலேயே அவனை அடித்தாள்.

"அப்போ செத்தது எவன்டா?"

"அமெரிக்காக்காரன் அத்தே."

"அவனுக்கும் நமக்கும் இன்னாடா உறவு? பொண்ணு குடுத்தோமா, எடுத்தோமா?"

தெரு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. ஷிப்டு முடிந்து வரும் வழியில் மூன்று பேர் அவரிடம் துக்கம் விசாரித்திருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் பெல்ட்டைக் கழற்றினார். அன்று முதல் வீட்டில் அந்தப் பாட்டு கூடாது, அந்த உடை கூடாது, ரஷீத் வாசலைத் தாண்டக்கூடாது. பக்கத்து வீட்டுப் பெரியவர்கள், "உயிரோட இருக்கிறவன் பேரை அந்தக் காகிதத்துல போட்டுட்டாங்களே, நல்லதில்லை" என்று குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டார்கள்.

தடை போட்டதால் அவன் நிறுத்தவில்லை. மறைக்கக் கற்றுக்கொண்டான், அவ்வளவுதான். அப்பாவின் சர்ச் பாட்டு கேசட் ஒன்றின் மறுபக்கத்தில் தன் குரலைப் பதிவு செய்து, அட்டையை மாற்றாமல் அதே இடத்தில் வைத்துவிடுவான். தமிழ், கன்னடம், ரஷீதின் வீட்டு உருது எல்லாம் கலந்த பாட்டுகள் அவை. அமெரிக்கர்கள் துப்பாக்கியைப் பற்றிப் பாடினார்கள். இவன் தண்ணீர் லாரியைப் பற்றிப் பாடினான். "லாரி வந்தா ஓடு, குடத்தைத் தூக்கி ஓடு, சைரன் அடிச்சா அப்பன் வருவான், டேப்பை மூடு டேப்பை மூடு" என்று ஒன்று. அந்தப் பாட்டில் எனக்கு முழுதாக நினைவிருப்பது இந்த இரண்டு வரிகள்தான்.

நவம்பர் மாதம் முழுக்க பெங்களூரில் ஏதாவது ஒரு தெருவில், கர்நாடக மாநிலம் உருவானதைக் கொண்டாடுகிற ராஜ்யோத்சவ மேடை இருக்கும். எங்கள் தெருமேடை ஒரு ஞாயிற்றுக்கிழமை. எட்வினுக்கு ஐந்து நிமிடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள், அப்பாவுக்குத் தெரியாது. அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே அவனுக்குக் காய்ச்சல். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தான். வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. "வூட்டுக்குள்ள இன்னாத்துக்குடா கண்ணாடி? கண்டதைக் குடிச்சுட்டு வந்து கண்ணைக் காட்ட வெக்கமா?" என்று அப்பா ஏசினார். ராப் பாடுகிறவன் குடிக்கத்தான் செய்வான் என்று அவருக்கு உறுதி. ஆகவே அவர் கண்ணாடியைக் கழற்றச் சொல்லிப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை, பள்ளிக்குக் கிளம்பும் நேரம், குழாயடியில் அவன் முகம் கழுவும்போது நான் பார்த்தேன். கண்ணின் வெள்ளை முழுக்க மஞ்சள். வகுப்பில் ஒரு பையனுக்குக் காமாலை வந்து ஒரு மாதம் வராமல் இருந்தான், அது என்னவென்று எனக்குத் தெரியும். நான் பார்த்ததை அவனும் பார்த்தான்.

"மெர்சி, அப்பாகிட்ட சொல்லாதே. சொன்னா ஞாயித்துக்கிழமை வுடமாட்டாரு. திங்கக்கிழமை நானே டாக்டர்கிட்ட போறேன், ப்ராமிஸ்."

நான் யோசிப்பதைப் பார்த்துவிட்டு, "உன் பேரைப் பாட்டுல வெக்கிறேன்" என்றான்.

நான் சொல்லவில்லை. வியாழன், வெள்ளி, சனி. மூன்று நாளும் அம்மா என் பக்கத்தில்தான் படுத்திருந்தாள்.

ஞாயிறு மாலை அவன் மேடை ஏறினான். இரண்டு முறை மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அதுவும் ஒரு ஸ்டைல் என்று கூட்டம் கைதட்டியது. பேச வரவேண்டிய தலைவர்களுக்காக முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. கன்னடத்தில் நாற்காலிக்குக் "குர்ச்சி" என்பார்கள். "வராத தலைவருக்கு எதுக்குய்யா குர்ச்சி, அதுல வந்து உட்காரட்டும் எங்க மெர்சி" என்று அவன் பாடியதும், கன்னடக்காரர், தமிழர், உருதுக்காரர் எல்லோரும் ஓவென்று கத்தினார்கள். யாரோ என்னைத் தூக்கிக்கொண்டு போய் நிஜமாகவே அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. அதை எழுத எனக்கு இன்றும் கூசுகிறது.

திங்கட்கிழமை அவனால் எழுந்திருக்க முடியவில்லை. பேச்சு குழறியது. அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர், கல்லீரல் போய்விட்டது, அந்தக் காய்ச்சல் மாத்திரைகள் இன்னும் கெடுத்துவிட்டன, சில நாள் முன்னால் கொண்டுவந்திருக்கக் கூடாதா என்று கேட்டார். வியாழக்கிழமை எட்வின் இறந்தான்.

அதன்பிறகு நடந்ததுதான் என்னை இன்றுவரை ஆத்திரப்படுத்துகிறது. யாருமே காமாலை என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. "அன்னிக்கே போஸ்டர் ஒட்டி சாவைக் கூப்பிட்டுக்கிட்டானே" என்றார்கள். "அந்தப் பாட்டு பாடுறவன் எவன் முழு வயசு வாழ்ந்தான்?" என்றார்கள். அடக்க ஆராதனையில்கூட உலகப் பாட்டுகளின் மயக்கம் பற்றித்தான் பிரசங்கம். அப்பா அந்த கேசட்டைக் கண்டுபிடித்து, நாடாவை முழுக்க வெளியே இழுத்துப் போட்டார். கதை ஒன்று கையில் கிடைத்துவிட்டதால் காரணம் யாருக்கும் தேவைப்படவில்லை. அந்தக் காரணத்தை முன்கூட்டியே கண்ணால் பார்த்த ஒரே ஆள் நான். நானும் வாயைத் திறக்கவில்லை.

இத்தனை வருடமாக, எங்காவது ஓர் இளம் ராப் பாடகன் இறந்தால் நான் என்ன நோய் என்றுதான் தேடுகிறேன். சுட்டுக் கொல்லப்பட்டவர்களை உலகத்துக்கே தெரியும். ஆஸ்துமாவில் போனவர்கள், இதயம் நின்றவர்கள், சிறுநீரகம் கெட்டவர்கள், மனம் உடைந்தவர்கள் எத்தனை பேர். எல்லோருக்கும் கீழே அதே தீர்ப்பு எழுதப்பட்டிருக்கிறது: இவர்களெல்லாம் இப்படித்தான்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் கிரண் இறந்தான். இருபத்து மூன்று வயது, எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பி.ஜி. ஹாஸ்டலில் தங்கி, பகலில் கம்பெனி வேலையும் மற்ற நேரத்தில் ராப்புமாக இருந்த பையன். பி.யூ. இரண்டாம் வருடம், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, படிக்கும் என் மகள் ரேச்சல் அவன் குழுவில்தான் பாடுகிறாள். ஒருமுறை எங்கள் ஃபிளாட்டுக்கு வந்து, "ஆன்ட்டி, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்று மீன் குழம்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன். சின்ன வயதிலிருந்தே இதய வால்வில் கோளாறு, யாரிடமும் சொன்னதில்லை என்று அவன் அக்கா எழுதியிருந்தாள். எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸப் குரூப்பில் அதற்குள், "போதைதான், வேறென்ன" என்று ஒருவர் போட்டு, பதினைந்து பேர் கைகூப்பியிருந்தார்கள்.

அன்று நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். குரூப்பில் ஒரு வரி பதில் எழுதவில்லை. ரேச்சலின் அறைக்குப் போனேன். அவள் ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்த பட்டியலைப் பார்த்தேன்.

"இதுல உயிரோட இருக்கிறவங்க யாருடி?"

"ரெண்டு பேர் இருக்காங்கம்மா."

"இனி பாட்டும் வேணாம், பிராக்டிஸும் வேணாம். கிரணுக்கு ஞாயித்துக்கிழமை பாடப்போறேன்னு சொன்னியே, அதுவும் கிடையாது." ஹெட்போனைப் பிடுங்கினேன். என் வாயிலிருந்து என் அப்பாவின் குரல் வந்துகொண்டிருந்தது, எனக்கே கேட்டது, நிறுத்த முடியவில்லை. அவள் கதவைச் சாத்தினாள். நான்கு நாள் பேசவில்லை. தினமும் காலையில், அவள் ஷூ மாட்டும்போது, குனிந்து அவள் கண்ணைப் பார்ப்பேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஐந்தாம் நாள் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு மர்பி டவுனுக்குப் போனேன். எதற்கென்று சொல்லத் தெரியவில்லை. எங்கள் வீடு இருந்த இடத்தில் மூன்று மாடி. அச்சகம் மொபைல் கடையாகியிருந்தது. மேடை போடுகிற முனை முழுக்க வண்டிகள். வளைகுடாவுக்குப் போன ரஷீத் எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியவில்லை. என் அண்ணனின் குரல் இந்த உலகத்தில் ஒரு விநாடிகூட மிச்சமில்லை.

சாயங்காலம் ரேச்சலின் கதவைத் தட்டி, தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மாமா ஒருவர் இருந்தார், சின்ன வயதில் போய்விட்டார் என்பது மட்டும்தான் அதுவரை அவளுக்குத் தெரியும். குழாயடியில் நான் பார்த்ததை என் கணவரிடம்கூட நான் சொன்னதில்லை. குர்ச்சி வரியைக் கேட்டபோது மட்டும் அவள், "செம வரிம்மா" என்றாள். நான் சொல்லி முடித்ததும் கேட்டாள்:

"நீ அன்னிக்கே சொல்லியிருந்தா தாத்தா என்ன பண்ணியிருப்பாரு?"

"முதல்ல அடிச்சிருப்பாரு. அப்புறம் ஆட்டோவுல போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருப்பாரு."

"அந்த முதல்ல இருக்கே, அதுக்குத்தான் மாமா பயந்திருக்காரு." அவள் என்னைப் பார்த்தாள். "நான் ஒண்ணு சொன்னா நீ முதல்ல என்ன பண்ணுவே?"

என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, 'என்னடி, என்ன ஆச்சு, சொல்லித் தொலை' என்பது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

"கேப்பேன்" என்றேன். "கேட்டு முடிக்கிற வரைக்கும் கேப்பேன்."

"ஒரு மாசமா படி ஏறினா மூச்சு வாங்குதும்மா. ரெண்டு வரி சேர்த்துச் சொல்ல முடியல. கிரண் போனப்புறம் ரொம்பப் பயமா இருக்கு. சொன்னா நீ பாட்டை நிறுத்திடுவேன்னுதான்..."

நான் நடுவில் பேசவில்லை. அவள் முழுதாகச் சொல்லி முடித்தாள். எப்போதெல்லாம் வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, எந்தப் பக்கம் படுத்தால் குறைகிறது. அத்தனையையும் அவள் கவனித்து வைத்திருந்தாள், கேட்பதற்குத்தான் வீட்டில் ஆள் இல்லாமல் இருந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் முதல் டோக்கன் எங்களுடையது. டாக்டர் அவளிடம் கேட்டபோது நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் என் கையைத் தொட்டு நிறுத்திவிட்டு, தானே சொல்லத் தொடங்கினாள்.