ஆட்டம் ஸ்டியரிங்கில்தான்

வெள்ளைச்சாமி டீயைப் பாதி டம்ளர்தான் வாங்குவார். அது உள்ளே போனதும் மீதிப் பாதியை ஷாஹுல் ஹமீது பாய் கேட்காமலேயே ஊற்றுவார். முழு டம்ளராகக் கொடுத்தால் அதில் கால்வாசியை வேட்டி குடித்துவிடும். தியாகராய நகரில் உஸ்மான் சாலைக்குப் பின்னால், சுமை வண்டிகள் நிற்கிற சந்தில் இருக்கும் அந்தக் கடையில் இதை யாரும் கவனிப்பதில்லை. கவனிக்காமல் இருப்பதற்கு எல்லோரும் கொஞ்சம் சிரமப்படுகிறார்கள்.

“கையில ஒண்ணுமில்ல பாய்,” என்பார் வெள்ளைச்சாமி, யாரும் கேட்பதற்கு முன்பே. “ஸ்டியரிங்கு ஆடுது. நாள் பூரா அதைப் புடிச்சுக்கிட்டே கெடந்தா ஆட்டம் கையில ஏறத்தான செய்யும்?”

“சரிதான் அண்ணாச்சி,” என்று பாய் அடுத்த டீயை ஆற்றப் போய்விடுவார்.

வெள்ளைச்சாமி விருதுநகர்ப் பக்கத்துக்காரர். அறுபதை நெருங்குகிறார். ஜவுளிக்கடைகளுக்குச் சேலை மூட்டைகளை ஏற்றிவரும் மினி லாரி ஒன்று சொந்தமாக இருக்கிறது. அதன் ஓட்டுநர் சீட்டில் இன்னொரு மனிதர் உட்கார்ந்ததாகச் சரித்திரம் இல்லை. மெக்கானிக் வண்டியைச் சோதிப்பதானாலும் இடதுபக்கம் உட்கார்ந்து காதால்தான் சோதிக்க வேண்டும். மனைவி புஷ்பம் ஒருமுறை அந்த சீட்டில் பூப்பொட்டலத்தை வைத்துவிட்டதற்கு, ‘எறங்கச் சொல்லு அதை’ என்று பூவையே விரட்டியவர் அவர்.

கோளாறு டயரில் தொடங்கியது. ஒரு ஐப்பசி மழையில் மாம்பலத்துத் தெருத் தண்ணீர் லாரியின் மேடை வரைக்கும் ஏறி, தீபாவளிச் சேலைகள் ஒன்றின் சாயத்தை மற்றொன்று வாங்கிக்கொண்டன. கடைக்கார முதலாளி அந்த மூட்டைகளுக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு சேலையாக உதறி மடித்து வைத்தார்; அதுதான் வெள்ளைச்சாமிக்குத் தாங்கவில்லை. மறுமாதமே மிலிட்டரி ஏலத்தில் வந்த பெரிய டயர்களைத் தேடிப் பிடித்து மாட்டினார். குள்ளமான மினி லாரி ஒரே நாளில் குதிகால் செருப்புப் போட்டுக்கொண்டது. மூட்டை தூக்குகிறவர்கள் அவருடைய முன்னோர்களை அன்றாடம் நினைவுகூர்ந்தார்கள். அடுத்த தீபாவளிக்கு மழை பெய்யவில்லை.

ஸ்டியரிங் ஆடத் தொடங்கியது அந்த வருஷம்தான். கையும்.

பெரிய டயர் போட்ட வண்டிக்கு ஸ்டெபிலைசர் வேண்டுமா, வேண்டாமா? டில்லியில் மாற்றி மாற்றி ஆட்சி கவிழ்ந்துகொண்டிருந்த மாதங்களில்கூட அந்தச் சந்தில் இந்தக் கேள்வி முதலிடத்தை இழக்கவில்லை. ஸ்டெபிலைசர் என்பது முன்சக்கரங்களுக்கு நடுவே குறுக்காக மாட்டுகிற, சைக்கிள் பம்பு போன்ற ஒரு சாமான். சக்கரம் வெடுக்வெடுக்கென்று உதறினால் பிடித்து அடக்கும். வேண்டும் என்ற கட்சிக்கு வெள்ளைச்சாமி தலைவர், பேச்சாளர், பெரும்பாலும் ஒரே தொண்டர். வேண்டாம் என்ற கட்சி ஈக்காட்டுத்தாங்கலில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் பொன்னுரங்கம்.

“பெரிய டயரு போட்டா லேசா ஆடும் நைனா,” என்பார் பொன்னுரங்கம். “முன்வீலு திரும்புற ஆணி, அந்தக் கிங்பின்னு டைட்டா கீதா, வீலு நேரா கீதான்னு பாத்துட்டாப் போதும். உன் வண்டில எல்லாம் சோக்கா கீது. அப்பால இன்னாத்துக்கு ஸ்டெபிலைசர்? நோவ வுட்டுட்டு மேல போர்வய போத்திக்கினா சரியாப் பூடுமா?”

“ஆடுதுங்கேன், சோக்கா இருக்குங்கியே.”

“அப்ப நெட்ட ரோட்டுக்குப் போலாம் வா. ஓட்டிக்கினே ஸ்டியரிங்குலேர்ந்து கைய எடு. அப்பவும் ஆடிச்சுன்னா வண்டி மேல தப்பு. நானே மாட்டி வுடுறேன்.”

பொன்னுரங்கத்திடம் இருக்கிற ஒரே பரிசோதனை இதுதான். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் வெள்ளைச்சாமிக்கு வேறு வேலை நினைவுக்கு வந்துவிடும். “கையை விட்டுட்டு ஓட்ட நான் என்ன சர்க்கஸ்காரனா?” என்று எழுந்துவிடுவார்.

வீட்டில் புஷ்பம் வேறு மாதிரி கேட்டார். “பிரிஜ்ஜுக்கே ஸ்டெபிலைசர் வாங்கித் தரல. லாரிக்குக் கேக்குதோ? அந்தக் கையக் கொண்டுபோய் ஒரு டாக்டர்ட்ட காட்டுங்களேன்.”

“டாக்டருக்கு கிங்பின்னைப் பத்தி என்னடி தெரியும்?”

டாக்டருக்கு என்ன தெரியும் என்பது அவருக்குத் தெரியும். வண்டி ஓட்டக்கூடாது என்பார். ஓட்டாத வெள்ளைச்சாமி என்று ஒருவர் இருந்தால் அவர் காலையில் எழுந்து எங்கே போவார் என்பதற்கு மட்டும் எந்த டாக்டரும் சீட்டு எழுதித் தரமாட்டார். தினமும் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவது புஷ்பம்தான். அதற்கு எந்த டயர் காரணம் என்று அவர் கேட்பதில்லை. புருஷனைத் தோற்கடிக்க அவருக்கு மனம் வரவில்லை. கடைசிப் பொத்தானை மட்டும் கொஞ்சம் மெதுவாகப் போடுவார்.

ஒருநாள் பனகல் பார்க் முனையில் லாரி ஒரு பூக்காரம்மாவின் கூடையை உரசியது. கூடைதான் போயிற்று. ஆனால் அதற்குப் பிறகு பட்டுச் சேலை மூட்டைகள் வேறு வண்டியில் வர ஆரம்பித்தன. வெள்ளைச்சாமி நேராக ஈக்காட்டுத்தாங்கல் போனார். “மாட்டுறியா, வேற பட்டறையப் பாக்கவா?” பொன்னுரங்கம் அவர் முகத்தைப் பார்த்தார், மாட்டிக் கொடுத்தார்.

மறுநாளே லாரி பட்டறை வாசலில் வந்து நின்றது.

“என்னய்யா சாமான் மாட்டிருக்க? டூப்ளிகேட்டா? முந்திக்கு இப்பத்தான் ஜாஸ்தி ஆடுது.”

பொன்னுரங்கம் எதைச் சொன்னாலும் பொறுப்பார், சாமானைச் சொல்லக்கூடாது. கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே போட்டார். “என் சாமான் டூப்ளிகேட்டா? எட்றா வண்டிய,” என்றவர், வயதை நினைத்து, “எடு அண்ணாச்சி,” என்று திருத்திக்கொண்டு இடதுபக்கம் ஏறி உட்கார்ந்தார்.

அடையாறு போயிற்று, திருவான்மியூர் போயிற்று. பாலவாக்கம் தாண்டியதும் சாலை காலியாக நீண்டது.

“எதுக்கால எவனும் வரல. இப்ப எடு கைய.”

வெள்ளைச்சாமி எடுக்கவில்லை. ஒரு சவுக்குத் தோப்பு போயிற்று. மீன்கூடை கட்டிய சைக்கிள் ஒன்று போயிற்று. பிறகு, சுடுகிற பாத்திரத்தை விடுவதுபோல விட்டார்.

ஸ்டியரிங் அசையவில்லை. பெரிய டயர்கள் நான்கும், அவற்றைப் பற்றி இத்தனை காலம் நடந்த விவாதம் எதுவும் காதில் விழாதவைபோல, நூல் பிடித்த மாதிரி உருண்டன. மடிக்கு மேலே அந்தரத்தில் நின்ற இரண்டு கைகளும் மட்டும், யாரும் கொடுக்காத ஒரு வேலையை மும்முரமாகச் செய்துகொண்டிருந்தன.

பொன்னுரங்கம் கடலைப் பார்ப்பதுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே கடல் தெரியாது. யாருடைய பங்களாவோ, காம்பவுண்டுச் சுவர்தான்.

வெள்ளைச்சாமி ஸ்டியரிங்கை மறுபடி பிடித்தார். அது ஆட ஆரம்பித்தது.

“பாத்தியா,” என்றார். “ஆடுது.”

“ஆமா அண்ணாச்சி,” என்றார் பொன்னுரங்கம் சுவரிடம். “ஆடுது.”

கொஞ்ச தூரம் போய் வெள்ளைச்சாமி வண்டியை ஓரங்கட்டினார். இன்ஜினை நிறுத்தவில்லை. ஓட்டுநர் சீட்டைக் காலியாக விட்டு இறங்கி, வண்டியின் முன்பக்கமாகச் சுற்றி வந்தார். இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு, இடதுபக்கக் கதவை உள்ளேயிருந்து யாராவது திறந்துவிடட்டும் என்று நின்றார்.