நைனாவுக்கு மிஞ்சிய ஒரே சொல்

டில்லிபாபு நாசமாய்ப் போக! என் நைனா நீலமேகத்தின் கதையை இப்படித்தான் என்னால் தொடங்க முடியும். எண்ணூர்ப் பக்கம் கண்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். தெரு முனைவரை கேட்கும் தொண்டை. சாராய வாடையே ஆகாது அவருக்கு.

ஒரு மதியம் வேலையில் வாய் கோணி, நாக்குக் குழறியது. "இன்னா நீலமேகம், தண்ணியப் போட்டுகினு வந்துகீறியா?" என்று கத்தினான் சூப்பர்வைசர் டில்லிபாபு. தெளியட்டும் என்று லாரி நிழலில் கிடத்திவிட்டுப் போனான். சாயங்காலம் தோஸ்து பீம்ராவ் பார்த்துப் பதறி ஆட்டோவில் ஏற்றினார். அதற்குள் மூளை ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நேரம் கடந்துவிட்டது.

"மூளையில செத்த இடத்தைச் சுத்தி அரை உயிரா செல்லுங்க இருக்கும்மா," என்றார் டாக்டர். "ஒவ்வொண்ணுலயும் மைட்டோகாண்ட்ரியான்னு குட்டிக் குட்டி பவர் ஹவுஸ். கெட்டுப்போனதைச் செல்லே தின்னு சுத்தம் பண்ணிக்கும். பண்ணலன்னா அது விஷம் கக்கி செல்லையே கொன்னுடும்."

"அத்த வேகமாக்க மருந்து கீதா சார்?"

"ஆராய்ச்சியிலதான் இருக்கு. பேச்சுப் பயிற்சியை விடாதீங்க."

நைனாவின் தலைக்குள் அந்தச் சுத்தம் நடந்துகொண்டிருக்க, வெளியே ஒரு கலீஜ் வேலை நடந்தது. அவருக்கு மிஞ்சியது 'ஆமா' என்ற ஒரே சொல். சோறு வேணுமா என்றாலும் ஆமா, வேணாமா என்றாலும் ஆமா. டில்லிபாபு ஆப்பிளோடு நலம் விசாரிக்க வந்தான். நான் டீ போடப் போனதும் செல்போனில் படம் பிடித்தபடி, "அன்னிக்குக் குடிச்சிருந்த தான மாமு?" என்றான்.

"ஆமா."

அந்த வீடியோவைக் காட்டி வேலையைப் பறித்தார்கள். குடிகாரன் என்று பட்டம் கட்டினார்கள். சண்டை போட்டு விசாரணை வைக்கச் செய்தேன்.

மேனேஜர் முன்னால் வீடியோ ஓடியதும் எழுந்தேன். "நைனா, உன் பேரு டில்லிபாபுவா?"

"ஆமா."

"நான் உன்னைப் பெத்த ஆத்தாவா?"

"ஆமா."

"அன்னிக்குக் குடிச்சது தோ நிக்கிறானே, இவனா?"

"ஆமா!"

மேனேஜருக்குப் புரிந்துவிட்டது. நைனாமேல் போட்ட பழியை நீக்கி, டில்லிபாபுவை அங்கேயே சஸ்பெண்ட் செய்தார். எனக்கு இனித்தது, பொய் சொல்வானேன்.

வாசலில் அவன் நைனாவின் கையைப் பிடித்தான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன கேட்டால் என்ன வரும் என்று தெரிந்தே கேட்டான். "தெரியாமப் பண்ட்டேன் மாமு. என்னை மன்னிச்சுட்ட தான?"

நைனாவின் தாடை நடுங்கியது. உதடு கோணிக்கோணி எதையோ தேடியது.

"இல்ல."