வெளியே போகாத அத்தை

மோட்டார் காயிலை வார்னிஷில் முக்கிக் காயவைக்கும் வாசம் எங்கே அடித்தாலும் எனக்கு அத்தை ஞாபகம்தான் வரும். காந்திபுரத்தை ஒட்டிய ஒரு சந்தில் எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் பட்டறை தாத்தா வைத்திருந்தார். அப்பாவுக்கு அதில் மனம் ஒட்டவில்லை, மில் வேலைக்குப் போய்விட்டார். கல்யாணமாகிப் போன அவருடைய அக்கா, குடித்துவிட்டு அடிக்கிற புருஷனிடமிருந்து ஒரு பொங்கலுக்கு வந்தவள், திரும்பிப் போகவேயில்லை. பட்டறையில் உட்கார்ந்தாள். எரிந்துபோன கிணற்று மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள், “ஏனுங்க அம்மணி, ஆம்பளைங்க யாரும் இல்லீங்களா?” என்று கேட்பார்கள். “மோட்டாருக்கு ஆம்பள பொம்பள தெரியாதுங்க. எறக்கி வெச்சுட்டுப் போங்க” என்பாள். இறக்கி வைத்துவிட்டுத்தான் போனார்கள். தாத்தாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதும், என்னைப் படிக்கவைத்ததும் அந்தப் பட்டறைதான்.

சொந்தக்காரர்கள்தான் விடவில்லை. விசேஷ வீடுகளில், “போன புள்ள திரும்பி வந்துருச்சு” என்று அவள் காதுபடவே பேசுவார்கள். ஒருமுறை பந்தியில் யாரோ அப்படிச் சொன்னபோது அத்தை இலையிலிருந்து தலையைத் தூக்காமலேயே, “போனது பொடவையும் பொட்டியுமுங்க. நான் எங்கீங்க போனேன்?” என்றாள். பக்கத்தில் பாவாடையோடு உட்கார்ந்திருந்த நான் பெருமையில் இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கினேன்.

அவள் போய்ச் சேர்ந்த பிறகுதான் குடும்ப வரலாற்றை ஒழுங்காகத் தொகுக்க வேண்டும் என்ற வெறி எனக்கு வந்தது. இன்னும் கொஞ்ச காலம் போனால் அவளைத் தெரிந்தவர்களே இருக்கமாட்டார்கள். பழைய போட்டோக்கள், பெரியவர்கள் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியவை எல்லாம் சேர்ந்துவிட்டன. போட்டுவைக்க ஒரு மென்பொருள்தான் வேண்டியிருந்தது. எங்கள் கூட்டத்துக்கென்றே ஒன்று இருக்கிறது என்றார் சித்தப்பா. கூட்டம் என்றால் எங்கள் பக்கத்தில் குலம். குலதெய்வக் கோயில் கமிட்டியில் இருக்கிறவர் அவர், அந்த மென்பொருளைப் பார்த்துக்கொள்வதும் அவர்தான். முன்னோர் பெயரெல்லாம் ஏற்கெனவே ஏற்றியாகிவிட்டது, தமிழிலேயே இருக்கிறது, இலவசம் வேறு. கசக்குமா? அத்தையின் பெயரைப் போட்டேன். திருமணமானவர் என்று குறித்தேன். அவ்வளவுதான், பெயர் மங்கி, பக்கத்தில் ‘வெளியே’ என்று தானாகவே வந்து விழுந்தது. அதற்குமேல் அவளைப் பற்றி ஒரு வரி எழுத இடமில்லை. பெண்ணுக்குக் கல்யாணமானால் புருஷன் கூட்டம், அத்தோடு பிறந்த வீட்டில் அவள் கதை முடிந்தது.

சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். அவர் கெட்டவரில்லை. அத்தையின் கூடப்பிறந்த தம்பி, அவள் இடுப்பிலேயே வளர்ந்தவர். “அதுக்கென்ன கண்ணு, கல்யாணமே ஆவுலைன்னு போட்டுப்போடு. பேரு உள்ள நின்னுக்கும்” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கல்யாணத்தை யாரிடமும் ஒளிக்காமல் வாழ்ந்தவள் அத்தை. சொந்த அப்பன் வீட்டில் அவள் பேர் நிற்க ஒரு பொய் வேண்டுமென்றால், கோளாறு அவளிடமா இருக்கிறது? “வேண்டாமுங்க சித்தப்பா, நான் வேற பாத்துக்கறனுங்க” என்று போனை வைத்துவிட்டேன்.

வேறு என்றால் வெளிநாட்டுக்காரன் செய்தது. அங்கே வேறு கூத்து. என் தங்கை தாய்மாமனைக் கட்டியவள். அதைப் பதிந்ததும், இது பிழையாக இருக்கலாம் என்று சிவப்பில் எச்சரித்தது. ஊரைக் கூட்டிச் சீர் செய்து நாங்கள் நடத்திய கல்யாணத்தைப் பிழை என்று சொல்ல இவன் யார்? தாத்தா பெயரைத்தான் பேரனுக்கு வைத்திருக்கிறோம். இருவரும் ஒரே ஆள்தானே, சேர்த்துவிடட்டுமா என்று கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன். மறுபடி கேட்டது, மறுபடி அழுத்தினேன். ஆனால் அத்தைக்குக் கல்யாணமானது என்று போட்டாலும், பிரிந்துவிட்டாள் என்று போட்டாலும், அவள் தன் அப்பாவுக்குக் கீழே, தம்பிகளுக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றாள். எனக்கு அது போதும். சிவப்பு எழுத்தோடு நான் மல்லுக்கட்டிக்கொள்கிறேன். எல்லாப் பெயரையும் முதலிலிருந்து நானே ஏற்றினேன், கட்டிக்கொடுத்த பெண்களையும் அவர்கள் பெற்ற பிள்ளைகளையும் சேர்த்து.

பெரிய படமாக அச்சடித்துக் கோயில் மண்டபத்தில் மாட்டக் கேட்டேன். “வேற கூட்டத்துப் புள்ளைகளெல்லாம் இதுல இருக்குதே கண்ணு, மண்டபத்துல எப்படி மாட்டறது?” என்றார் சித்தப்பா. மாட்டவேண்டாம் என்று சுருட்டிக்கொண்டு வந்து, அத்தைக்குப் பிறகு இப்போது நான் நடத்தும் அதே பட்டறையில், உள்ளே நுழைந்ததும் கண்ணில் படும் சுவரில் மாட்டிவிட்டேன். போன வாரம் ஈரோட்டில் கட்டிக்கொடுத்திருக்கும் சித்தப்பாவின் மகள் போன் செய்தாள்.

“அக்கா, எம்பட பேரு அதுல இருக்குதுங்களா?”

“இருக்குது கண்ணு.”

“எம்பட பசங்க?”

“அவிங்களுந்தான்.”

அவள் போனை வைத்தாள். பிறகு பையன்களின் போட்டோவை அனுப்பினாள். அன்றைக்கே அச்சடித்து அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டேன். சித்தப்பாவிடம் சொல்லவில்லை, சொல்லப்போவதுமில்லை. அவருடைய பேரன்கள் எங்கள் சுவரில் இருக்கிறார்கள். பார்க்க வேண்டுமென்றால் அவர்தான் தன் அக்காவின் பட்டறைக்கு வரவேண்டும்.