முதலில் வந்து சேர்ந்தவன்

கிள்ளானில் ஓர் இடைநிலைப்பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். எத்தனையோ ராஜாக்களைப் பலகையில் எழுதி அழித்திருக்கிறேன், ஒருவரும் என்னை அசைத்ததில்லை. ஒட்டோமான் சுல்தான்கள் மட்டும் வேறு. அரியணை ஏறிய கையோடு பத்தொன்பது தம்பிகளைக் கொல்லச் சொன்னவர் ஒருவர் இருந்தார். அரச ரத்தம் மண்ணில் சிந்தக்கூடாதாம், அதனால் கழுத்தை நெரித்தார்கள். என்ன ஒரு மரியாதை, பாருங்கள்! ஒவ்வொரு வருஷமும் இந்த இடம் வரும்போது எனக்கு உடம்பு சிலிர்த்துவிடும். கொடுமையை நினைத்து மட்டுமல்ல, வெறும் ஓர் ஆசனத்துக்கு அத்தனை பலம் இருந்ததே என்ற மலைப்பில்.

பாடம் மலாய் மொழியில்தான் நடக்கும். அதிர்ச்சி மட்டும் தமிழில் வரும்.

"சொந்தத் தம்பிங்களயா டீச்சர்?" என்று ஒருத்தி வாயைப் பிளந்தாள்.

"அப்பா ஒண்ணு லா, அம்மா வேற வேற," என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, எங்கள் வீட்டுக் கதையும் அதுதானே என்று.

அப்பாவுக்கு இரண்டு குடும்பம். கிள்ளானில் என் அம்மா, அண்ணன், நான். செமினியில் சின்னம்மாவும் தம்பியும். மேருவில் அப்பாவின் ஆறு லோரிகள் நிற்கும் யார்டு இருந்தது, அதன் மூலையில் பழைய கண்டெய்னரில் ஓர் ஆபீஸ். அண்ணன் அந்த ஆபீஸில் உட்கார்ந்தான், தம்பி லோரி ஓட்டினான். யார்டு எனக்குத்தான் என்று இரண்டு பேருமே நினைத்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவோ வாயே திறக்கவில்லை. கேட்டால், "நான் இன்னும் சாகலயே, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்பார்.

சுல்தான்களும் பல சமயம் வாரிசைச் சொல்லாமலே போய்ச்சேர்ந்தார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு மாகாணத்தில் காத்திருப்பார்கள். சாவுச் செய்தியை அமைச்சர் அமுக்கிவைத்துக்கொண்டு, தனக்குப் பிடித்த பிள்ளைக்கு மட்டும் குதிரையில் ஆள் அனுப்புவார். தலைநகருக்கு எவன் முதலில் வந்து சேர்கிறானோ அவன் கைதான் ஓங்கும்.

அப்பா ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது பத்துக்கு ஆஸ்பத்திரியில் போய்விட்டார். இரண்டு வீடும் அவரை மாறி மாறிப் பார்த்துக்கொண்டோம்; அன்று எங்கள் வீட்டு முறை, பக்கத்தில் நான் மட்டும்தான். அழுதுகொண்டே அண்ணனுக்குப் போன் அடித்தேன்.

அவனும் அழுதான். உடனே, "செமினிக்கு இப்பச் சொல்லாத," என்றான். "நான் யார்டுக்குப் போய் சாவி, லோரி பெர்மிட் ஃபைல் எல்லாம் எடுத்திட்டு, பூட்டையும் மாத்திட்டு வரேன். அவன் முந்திட்டான்னா எல்லாம் போச்சு லா."

சரி என்றேன். அந்த வாரம்தான் அந்த அமைச்சரைப் பற்றிக் குறிப்பு எழுதிப்போட்டு, 'சூழ்ச்சி' என்ற சொல்லுக்குக் கீழே சிவப்பில் கோடும் இழுத்திருந்தேன். எத்தனையோ நூறு வருஷத்துக்கு முந்தைய வேலை, எங்கிருந்தோ நடந்து வந்து என் கையில் ஏறிவிட்டது! அதுவும் எவ்வளவு சுலபமாக! ஒரு போன் செய்யாமல் இருந்தால் போதும். நான் மலைத்துப்போய் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினொன்றே காலுக்குத்தான் தம்பிக்கு அடித்தேன். "இப்பதான்டா போனாரு," என்றேன். பாவி, நாக்குக் கூசவில்லை.

ஒரு மணி நேரத்தில் ஓடிவந்துவிட்டான். அண்ணன் இன்னும் மேருவிலிருந்து வரவில்லை. தம்பி அப்பாவின் இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் நீட்டிய காகிதங்களை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். யார்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பதினாறாம் நாள் கருமாதி. அன்று இறந்தவரின் மகனுக்கு அவனுடைய தாய்மாமன் தலைப்பாகையாக உருமால் துணி கட்டுவார். எங்கள் பக்கம் ஒரு தலைக்குத்தான் கட்டுவது. யார் தலையில் ஏறுகிறதோ அவன்தான் இனி வீட்டுக்கும் தொழிலுக்கும் பெரியவன். சொந்தபந்தம், டிரைவர்கள் எல்லோரும் அதோடு வாயை மூடிக்கொள்வார்கள். பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவுக்குப் போய் அண்ணனுக்கு உருமால் வாங்கிவந்தவள் நான்தான்.

செமினியிலிருந்து தம்பியின் தாய்மாமனும் தட்டில் ஓர் உருமாலோடு வந்து நின்றார். இரண்டு பக்கத்து ஆட்களும் பந்தலில் எழுந்துவிட்டார்கள். மொட்டையடித்த தலையோடு அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றபோது, இரண்டு பேரும் அப்பாவை உரித்துவைத்திருந்தார்கள்.

தம்பி தன் மாமா தட்டிலிருந்த துணியை எடுத்தான். மடித்துத் தன் தோளில் போட்டுக்கொண்டான்.

"அண்ணனுக்கே கட்டுங்க மாமா," என்று எங்கள் மாமாவிடம் சொன்னான்.

அண்ணன் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. எட்டிப் பிடித்தவர்களைப் பற்றியே இத்தனை வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். கைக்கு எட்டுவதை வேண்டாம் என்று விட்ட ஒருவனைக் கண்ணால் பார்த்தது அன்றுதான். எனக்குக் கும்பிடத் தோன்றியது.

சாப்பாடு முடிந்து, தம்பி என்னிடம் சொல்லிக்கொண்டு போக வந்தான்.

"அக்கா, ஆஸ்பத்திரி பேப்பர்ல அப்பா போன நேரம் ஒன்பது பத்துன்னு போட்டிருந்திச்சி."

திட்டுவான் என்று நினைத்தேன். திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"ரெண்டு மணி நேரம் அப்பாகூடத் தனியாவா இருந்தீங்க?" என்றான். "பயமா இல்லயாக்கா?"