சொல்லிவிட்டு உடைகிற பொருத்து

நாற்காலியில் உட்காருவதற்கு முன் குனிந்து அதன் கால்களை ஒவ்வொன்றாக விரல் கணுவால் தட்டுவார். காதைச் சாய்த்துக் கேட்பார். சத்தம் பிடிக்காவிட்டால் உட்கார மாட்டார்; வந்த விஷயத்தை நின்றபடியே பேசி முடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். கடைக்குப் போனால் கல்லா மேசை, வங்கியில் தடுப்புக் கட்டை, பஸ்ஸில் ஏறினால் பிடித்துக்கொள்ளும் கம்பி என்று எதையும் விட்டுவைப்பதில்லை. தெருப் பிள்ளைகள் 'டொக்டொக் மாமா' என்று பேர் வைத்துவிட்டார்கள். பெரியவர்கள் எதிரே நின்றால் 'வில்லுக்காரர்' என்பார்கள். முதுகு திரும்பினால் அவர்களுக்கும் டொக்டொக்தான். அது அவருக்குத் தெரியாமல் இல்லை. "கூப்பிட்டா கூப்பிடட்டும். உள்ள கீறல் இருந்தா கண்ணுக்குத் தெரியாதுங்க. தட்டினாத்தான் வாயைத் திறக்கும்" என்பார்.

தொழிலே வில் செய்வதுதான். சக்கரமும் குறிகாட்டியும் வைத்த நவீன வில் அல்ல. மெல்லிய மரப்பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி வளைத்துச் செய்கிற பழைய மாதிரி. அம்பெய்யும் கிளப்புகளிலிருந்து ஆட்கள் தேடி வருவார்கள். வீட்டுக்குப் பின்னால், கார் நிறுத்தக் கட்டிய கொட்டகையில்தான் பட்டறை. பசை இறுகுவதற்காக உள்ளே பல்புகள் எரியும் நீளமான மரப்பெட்டி ஒன்று உண்டு. அதில் வில் கிடந்தால் பேசுகிறவர்களைக் கையமர்த்துவார், ஏதோ பிள்ளை தூங்குகிற மாதிரி. பசையும் உப்புத்தாளும் சேர்ந்து அவர் விரல் ரேகைகளைத் தேய்த்துவிட்டன. கைரேகை வைத்தால் போன் திறக்காது. "எனக்கே என்னை அடையாளம் தெரியல, அதுக்கு எங்க தெரியப் போகுது" என்று போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

ஒரே துண்டாக இருக்கிற வில் மட்டும்தான் செய்வார். ஆள் உயரத்துக்கு இருக்கும். எடுத்துப் போவது பெரும்பாடு. இரண்டாகப் பிரித்துப் பைக்குள் வைக்கிற மாதிரி வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களிடம், "மடக்குறதுன்னா குடை வாங்கிக்குங்க. குடைக்கடை அடுத்த தெருவுல" என்பார். சிலர் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார்.

முன்பு அவரே அந்த மாதிரி நிறையச் செய்தவர்தான். பிடியின் நடுவில் வில்லை அறுத்து, ஒரு பாதியில் எஃகுக் குழாயும் மறுபாதியில் அதற்குள் நுழைகிற சின்னக் குழாயும் பொருத்துவார். செருகினால் ஒரே வில். உருவினால் இரண்டு துண்டு. குழாய்கள் சோடியாகவே விற்பனைக்குக் கிடைத்தன. பளபளவென்று இருக்கும். மேலே தோலைச் சுற்றிவிட்டால் அப்புறம் அந்த இடத்தை யாரும் பார்க்கப்போவதில்லை.

மகள் படிப்பை முடித்த வருஷம் அது. அப்பா செய்கிற வில்லையெல்லாம் முதலில் இழுத்துப் பார்ப்பவள் அவள்தான். யாரோ கேட்டிருந்த வில்லை அன்றும் பட்டறையில் நின்று இழுத்தாள். வளைவு சரியாக வருகிறதா என்று அவர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் கொஞ்சம் இழு பாப்பா" என்றார். இழுத்தாள். ஒரு முனகல்கூட எழவில்லை. பட்டென்று ஒரே சத்தம். குழாயின் பற்றவைத்த இடம் உள்ளுக்குள் எப்போதோ மயிரிழையாகப் பிளந்திருக்கிறது. வில்லின் மேல்பாதி திரும்பி வந்து முகத்தில் அறைந்தது. வலது கண் போய்விட்டது.

"குழாய்தான் உடைஞ்சுது. நீங்க உடைக்கல" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அவள் சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. திட்டியிருந்தால் அவர் ஒருவேளை அழுது தீர்த்திருப்பார். மனைவிதான் அவ்வப்போது திட்டினாள். அதை அவர் மருந்து குடிக்கிற மாதிரி வாங்கிக்கொண்டார். சாப்பிடும்போது மகளுக்கு வலது பக்கமாகத்தான் உட்காருவார். அந்தப் பக்கம் இருப்பது அவள் பார்வையில் படாது. 'இன்னும் கொஞ்சம்' என்கிற வார்த்தை அந்த வீட்டை விட்டே போய்விட்டது. சோறு வேண்டுமென்றால் தட்டை நகர்த்துவார், அவ்வளவுதான்.

மகள் கையை மாற்றிக்கொண்டாள். வலது கையில் வில்லைப் பிடித்து, இடது கையால் நாணை இழுத்து, இருக்கிற கண்ணால் குறி பார்க்க முதலிலிருந்து படித்தாள். இரண்டு வருஷம் பிடித்தது. பகலில் கூரியர் அலுவலகத்தில் பார்சல் பிரிக்கிற வேலை. விடுமுறை நாளில் கிளப். ஒரே துண்டு வில் ஒன்றை அப்பா அவளுக்காகச் செய்து, கையில் கொடுக்காமல் அவள் அறை வாசலில் சாத்தி வைத்துவிட்டுப் போனார்.

பிறகு கிளப் மைதானம் ஊரின் மறு கோடிக்கு மாறிப்போனது. இரண்டு பஸ் மாற வேண்டும். ஆள் உயர வில்லோடு அவளைக் கண்டதும் கண்டக்டர் படியிலேயே மறித்தார். "இந்தக் கம்போட ஏறாதம்மா, யார் கண்ணையாவது குத்தி வைக்கப் போற." வீட்டுக்கு வந்து அதை அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். கூடச் சிரிக்க அங்கே யாருமில்லை.

அதற்கப்புறம் போவது நின்றுவிட்டது. விடுமுறை நாட்களில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள், கூப்பிடாவிட்டால் இல்லை. ஒருநாள் பட்டறைக்குள் வந்து நேராகக் கேட்டாள்.

"எனக்கு ரெண்டு துண்டு வில்லு வேணும்பா."

அவர் இழைத்துக்கொண்டிருந்த கட்டையை விட்டு நிமிரவில்லை. "ஆட்டோவுல போ. நான் குடுக்கறேன்."

"எத்தனை நாளைக்கு? பையில போட்டுக்கிட்டு நாலு பேர் மாதிரி பஸ்ல போகணும் எனக்கு. வில்லைப் பிடிக்கும்போது மட்டும்தான் ஒரு கண்ணு இல்லங்கிறது மறக்குது."

"வேற எதாவது கேளு பாப்பா."

"நீங்க செய்யலன்னா கடையில வாங்குவேன். அங்க அதே குழாய் போட்டதுதான் இருக்கு."

இழைப்புளி கையில் அப்படியே நின்றது. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மனைவி உள்ளே வந்தாள். "ஒண்ணு போனது பத்தலையா? மிச்சத்தையும் கேக்குதா உங்க வில்லு?" என்றாள். யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை.

மறுவாரம், வில்லுக்கான சாமான்கள் விற்கிறவர் பை நிறைய மாதிரிகளோடு வந்தார். பழைய பழக்கம், அண்ணே, தம்பி உறவு. புதுக் குழாய் சோடி ஒன்றை மேசைமேல் வைத்தார். முன்பைவிடத் தடிமன், பற்றே வைக்காதது. பக்கத்தில் கொக்கியும் திருகாணியுமாகச் சேர்த்துப் பூட்டுகிற இன்னொரு வகையையும் வைத்தார்.

"இதைப் போட்டீங்கன்னா ரயில் பெட்டியையே இழுக்கலாம் அண்ணே."

"எங்க வீட்ல ரயில் பெட்டி இல்ல. உடைஞ்சா இது எப்படி உடையும்?"

"உடையாது அண்ணே."

"உடையுமான்னு கேக்கல. உடைஞ்சா எப்படின்னு கேட்டேன்."

விற்கிறவர் குழாயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகளைப் பற்றி அவருக்கும் தெரியும். "இரும்பு... பட்டுன்னுதான் அண்ணே போகும்" என்றார் கடைசியில்.

"திருகாணி?"

"அதுவும் இரும்புதானே."

இரண்டையும் தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இரண்டும் மணி போலக் கணீரென்று ஒலித்தன. அன்று உடைந்த குழாயும் இப்படித்தான் ஒலித்தது. "நல்ல பேச்சுதான். ஆனா பொய் பேசுது" என்றார்.

மிச்சமிருந்தது ஒரே வழி. கண்ணாடி நாரில் நெய்த துணியைப் பசையில் தோய்த்து, பிடியைச் சுற்றி அடுக்கடுக்காகப் போர்த்தி, அது இறுகிய பிறகு உறையாக்குவது. வில்லின் ஒரு பாதியோடு உறை ஒட்டியிருக்கும். மறுபாதி அதற்குள் கத்தி உறையில் நுழைவதுபோல நுழையும். கடையில் கிடைக்காது. ஒவ்வொரு வில்லுக்கும் அதன் பிடியின் மேலேயே வார்க்க வேண்டும். நுழைகிற பாதியில் மெழுகு சரியாகப் பூசாவிட்டால் இரண்டும் ஒட்டிக்கொண்டுவிடும். அறுத்து எறிய வேண்டியதுதான். இவ்வளவு தொல்லைக்கும் அதில் ஒரு குணம் உண்டு. நார் ஒரேயடியாகப் போகாது. தாங்க முடியாதபோது முதலில் அந்த இடம் வெளுக்கும். பிறகு முறுமுறுக்கும். அப்புறம்தான் கிழியும்.

"உடையறது உடையட்டும், சொல்லிட்டு உடையணும்" என்று மனைவியிடம் சொன்னார்.

முதல் உறை ஒட்டிக்கொண்டது. அறுத்து எறிந்தார். அடுத்தது நன்றாக வந்தது. அதை உடைப்பதற்கென்றே கழிவு மரத்தில் ஒரு வில் செய்து சுவரில் மாட்டினார். கயிற்றைக் கப்பி வழியாக விட்டு, தடித்த பலகைக்குப் பின்னால் நின்று இழுத்தார். மகள் வேலைக்குப் போயிருந்தாள். மனிதர் யாரும் இழுக்காத அளவுக்கு வில் வளைந்தது. உறையின் ஓரத்தில் பாலாடை மாதிரி வெள்ளை படர்ந்தது. முறுக்கென்றது. கயிற்றைக் கட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தார். மறுபடி முறுக்கென்றது. இன்னும் இழுத்தார். மரம் பிளப்பது போலக் கதறிக்கொண்டு உறை கிழிந்தது. கிழிந்த பிறகும் இரண்டு பாதியும் பறக்கவில்லை. நாரைப் பற்றிக்கொண்டு தொங்கின.

பல வருஷம் கழித்து அவர் வாய்விட்டுச் சிரித்தார். பலகைக்குப் பின்னாலிருந்து ஓடி வந்து, சமையலறை வாசலில் நின்று, "கேட்டியா? கத்துச்சு! என்னமாக் கத்துச்சு பாத்தியா!" என்றார்.

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மனைவி திரும்பாமல், "அவளும்தான் கத்தினா" என்றாள்.

அவர் பட்டறைக்குத் திரும்பிப் போய் மாட்டியிருந்த வில்லைக் கழற்றினார். அன்று வேறு வேலை எதுவும் செய்யவில்லை.

மகளுக்கான வில் மழைக்காலம் போனபின் முடிந்தது. நார் இரண்டு அடுக்கு கூடுதல். வில்லின் விசையைத் தன் மனம் பொறுக்கிற அளவுக்குக் குறைத்திருந்தார். அவளிடம் அதைச் சொல்லவில்லை. பலகைக்குப் பின்னால் நின்று பல நாள் இழுத்துப் பார்த்தார். உறை வெளுக்கவில்லை, முனகவில்லை. பிறகு பலகையை எடுத்துவிட்டு, வெறும் முகத்தோடு தானே இழுத்தார். தினமும் காலையில் எழுந்ததும் அதுதான் முதல் வேலை என்று ஆயிற்று. "குடுங்கப்பா, போதும்" என்று மகள் வாங்கிக்கொள்ளும்வரை அது நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. பின்கட்டுச் சுவரோரமாக வைக்கோலை இறுக்கிக் கட்டிய தட்டி நின்றது. மகள் இரண்டு துண்டுகளையும் செருகி நாணை ஏற்றினாள். பிடியைத் தடவினாள்.

"தோல் சுத்தலையாப்பா? கை வழுக்குமே."

"வழுக்கட்டும். அந்த இடம் தெரியணும்."

"கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்க" என்று ஒரு தடித்த பாதுகாப்புக் கண்ணாடியை நீட்டினார். போட்டுக்கொண்டாள். அதைத் தட்டிப் பார்க்கப் போன விரலைப் பாதியில் மடக்கிக்கொண்டார்.

சமையலறையில் மிக்ஸி ஓடத் தொடங்கியது. அரைக்க அதில் எதுவும் இல்லை. வெறும் ஜாரின் அலறல் கொல்லை முழுக்க நிறைந்தது. வில்லில் முனகல் எழுந்தால்கூடக் கேட்காத அளவுக்கு. "அம்மா, நிறுத்தும்மா!" என்று மகள் கத்தினாள். நிற்கவில்லை.

அவள் அம்பைத் தொடுத்தாள். தோளை இறக்கினாள். நாண் மெல்ல மெல்லக் கன்னத்தை நோக்கி வந்தது. உறை நிறம் மாறாமல் இருந்தது, எங்கும் வெள்ளை இல்லை. அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நாண் கன்னத்தைத் தொட்டதும் ஓரெட்டு முன்னால் வந்து, தன் வலது கையை நீட்டி, அவள் கண்ணுக்கும் வில்லுக்கும் நடுவில் விரித்துப் பிடித்தார்.

"அப்பா, கையை எடுங்க. குறி தெரியல."

எடுக்கவில்லை.

"அப்பா. ஒண்ணும் ஆகாதுப்பா. எடுங்க."

அவளுடைய கைகள் நடுங்க ஆரம்பித்தன. அவ்வளவு நேரம் யாராலும் பிடித்து நிற்க முடியாது. ரேகை அழிந்த அந்த உள்ளங்கை அசையாமல் அங்கேயே இருந்தது. மகள் கண்ணை மூடிக்கொண்டு நாணை விட்டாள். அம்பு வைக்கோலில் பொத்தென்று இறங்கியது. வில் முழுதாக இருந்தது. அவர் இன்னும் கையை இறக்கவில்லை.